ஆர்பிட்டல் திரும்பி வந்தாச்சு (மறுபடியும்)

அலைவரிசை | இரவு 9.14

நண்பர் ஒருவர் தன் பக்கத்தில் போட்டிருந்ததை அப்படியே தருகிறேன்: “டெக்னோவின் தந்தையர் ஆர்பிட்டல் திரும்பிவிட்டார்கள்! 1989-ல் அப்பாவின் டேப் ரெக்கார்டரில் விளையாட்டாக ஒரு பாட்டு செய்து உலகத்தையே மாற்றிய சகோதரர்கள்!” கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் இந்தத் ‘திரும்பல்’. ஆர்பிட்டல் என்கிற இங்கிலாந்துக் குழு என்றால் ஃபில் ஹார்ட்னால், பால் ஹார்ட்னால் என்ற அண்ணன் தம்பி. இரண்டு பேரும் 2004-ல் போதும் என்று கிளம்பினார்கள். 2009-ல் வந்தார்கள். 2014-ல் மறுபடியும் கிளம்பினார்கள். 2017-ல் மறுபடியும் வந்தார்கள். 2018-ல் ஒரு ஆல்பம், 2023-ல் ஒரு ஆல்பம். இதெல்லாம் மறுவருகையா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆரத்தி எடுக்க முடியாது.

அப்புறம் ‘தந்தையர்’. டெக்னோ என்பது மெஷின்களில் செய்யும் ஆட்ட இசை. கெண்ட் மாவட்டத்து செவன்ஓக்ஸில் வளர்ந்த பையன்கள் எப்படி டெக்னோவுக்குத் தந்தை ஆனார்கள்? எனக்கு அவர்களைப் பிடிக்கும், நூறு முறை கேட்டிருக்கிறேன். அதற்காகப் பொய் சொல்ல முடியாது.

கேசட்கடை ராஜு | இரவு 9.31

எல்லாம் சொன்னீர்கள், பெரிய தப்பை விட்டுவிட்டீர்கள். அது டேப் ரெக்கார்டர் இல்லை. கேசட் டெக்.

இரண்டும் ஒன்றில்லை. டேப் ரெக்கார்டர் என்றால் உள்ளேயே ஸ்பீக்கர், உள்ளேயே மைக், மேலே கைப்பிடி. கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். டெக் என்பது வாய் இல்லாத பிறவி. ஆம்ப்ளிஃபயரில் சொருகினால்தான் பேசும். பின்னால் லைன் இன் இருக்கும், முன்னால் இடது வலது என்று இரண்டு முள் ஆடும், அளவைக் கையால் திருகி வைக்க வேண்டும். 84-லிருந்து 98 வரை திண்டுக்கல்லில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். டெக்.

வெம்பிளிவாசி | இரவு 9.48

ராஜு அண்ணை, கசெற் டெக்கோ றெக்கோடரோ, ஆருக்கு என்ன கவலை? பாட்டு நல்லா இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கோ.

நான் 1988 இல் லண்டனுக்கு வந்தவன். 89 கோடை முழுக்க எம்25 வீதிக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. ஆர்பிட்டல் என்ற பேர் எங்கே இருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சுற்று வீதியிலிருந்துதான், ஆர்பிட்டல் என்றால் சுற்றிப் போறது. லண்டனைச் சுற்றி 117 மைல், 1986 இல்தான் திறந்து முடித்தவை. சனிக்கிழமை சாமம் கார் கார் ஆக வந்து நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் நான். முன்னால் பெடியள் நின்று தாள் காசை நீட்டி, சில்லறை மாற்றித் தாங்கோ என்பார்கள். ஏன் என்று முதலில் விளங்கவில்லை. பக்கத்துத் தொலைபேசிப் பெட்டிக்குள் ஓடுவான் ஒருத்தன். ஒரு நம்பருக்கு அடித்தால், இன்றைக்கு எந்த வயலில் பார்ட்டி என்று பதிந்து வைத்த குரல் சொல்லும். வெளியே வந்து கையைக் காட்டுவான். இருபது கார் ஒரேயடியாகக் கிளம்பும். விடியக் காலமை ஏழு மணிக்கு அதே ஆட்கள் கால் முழுக்கச் சேறோடு தண்ணீர்ப் போத்தல் வாங்க வருவினம்.

இதை நேரில் பார்த்தவன் நான். நீங்கள் எல்லாம் வாசித்துவிட்டுக் கதைக்கிறீர்கள்.

கேசட்கடை ராஜு | இரவு 9.55

நல்ல கதை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்றீர்களே தவிர வயலுக்குப் போகவில்லை, அப்படித்தானே?

அப்புறம், ‘கசெற்’ இல்லை. கேசட்.

டெட்ராய்ட் தேவா | இரவு 10.20

தந்தையர் விவகாரத்தை அலைவரிசை பாதியில் விட்டுவிட்டார், நான் முடிக்கிறேன். டெக்னோவுக்கு ஊர் உண்டு: டெட்ராய்ட். ஆட்கள் உண்டு: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். மூன்று பேரும் டெட்ராய்ட் பக்கத்துப் பெல்வில்லில் ஒரே பள்ளியில் படித்த கறுப்பின இளைஞர்கள். அட்கின்ஸ் சைபோட்ரான் என்ற பெயரில் முதல் தட்டு வெளியிட்டது 1981-ல். 1988-ல் இங்கிலாந்தில் ஒரு தொகுப்பு ஆல்பம் வந்தது, அதன் தலைப்பிலேயே ‘டெக்னோ’, ‘டெட்ராய்ட்’ இரண்டும் இருந்தன. அதைக் கேட்டபிறகுதான் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லே தெரியும். ஆர்பிட்டலின் ‘சைம்’, அதாவது அப்பாவின் பெட்டியில் பதிந்த அந்தப் பாட்டு, வந்தது 1989 டிசம்பரில். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன் ஆர்பரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் பெல்வில்லைத் தாண்டித்தான் போகிறேன். ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு கும்பிடு.

வெம்பிளிவாசி | இரவு 10.26

விமான நிலையத்துக்குப் போற வழியில் கும்பிடு போட்டவர், கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து ராஜு அண்ணை சிரிச்சதற்கு லைக் போட்டிருக்கிறார். நல்லது தம்பி.

அலைவரிசை | இரவு 10.41

தேவா, தந்தை யார் என்பதில் நாம் ஒரே பக்கம்தான். ஆனால் ‘வெள்ளைக்காரப் பிள்ளைகள்’ என்று ஒதுக்கிவிட முடியாது. ‘சைம்’ முதலில் ஜாஸி எம் என்ற டிஜேயின் சின்ன லேபிளில் வந்தது. சில மாதங்களில் பெரிய கம்பெனி எடுத்து வெளியிட, 1990-ல் பிரிட்டிஷ் பட்டியலில் 17-ஆம் இடம். டிவியில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலைவரிக்கு எதிரான வாசகம் போட்ட டி-ஷர்ட்டில் போய் நின்றார்கள். தாட்சர் தலைவரி கொண்டுவந்து ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ராஜு சார், வீட்டில் செய்த பாட்டு அந்த மேடைக்குப் போனதுதான் சேதி. பெட்டியின் பெயர் சேதியில்லை. மேலும் ரெக்கார்ட் செய்கிற எதுவும் ரெக்கார்டர்தான். டெக்கும் அதில் அடக்கம்.

கேசட்கடை ராஜு | இரவு 11.02

ரெக்கார்ட் செய்வதெல்லாம் ரெக்கார்டர் என்றால், ஓடுவதெல்லாம் குதிரையா?

பொறுமையாகச் சொல்கிறேன். பாட்டை அந்த டெக் ‘செய்யவில்லை’. சிந்தசைசர் வாசித்தது, டிரம் மெஷின் தாளம் போட்டது, சீக்வென்சர் எல்லாவற்றையும் கோத்தது. கடைசியில் வந்த கலவை ஒரே ஓட்டத்தில் டெக்கில் பதிவானது. டெக் ஒரு எழுத்தர், எஜமானர் சொன்னதை எழுதியது, அவ்வளவுதான். ‘அப்பாவின் டேப் ரெக்கார்டரில் பாட்டு செய்தார்கள்’ என்று எழுதுகிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது. அந்த மெஷின்களை எல்லாம் யார் காசில் வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ‘விளையாட்டாக’ என்ற சொல் பறந்துவிடும்.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 90 நிமிட கேசட், பக்கத்துக்கு 45. ஒருவர் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார், பத்துப் பாட்டு. கூட்டிப் பார்த்தால் 46 நிமிடம் வரும். கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் கழுத்தறுந்து நிற்கும். அதனால் அவர் பட்டியலை நான் மாற்றி அடுக்குவேன், ஒரு நீளப் பாட்டை அடுத்த பக்கம் தள்ளுவேன். ஆரம்பத்தில் முள் சிவப்பைத் தொட்டால் அளவைக் குறைத்து மறுபடியும் முதலிலிருந்து. சாயங்காலம் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தால் பழுப்பாக வரும். இவ்வளவு செய்தும் ‘ராஜு பாட்டு செய்தான்’ என்று யாராவது சொன்னார்களா? ‘பதிவு செய்தான்’ என்றுதான் சொன்னார்கள்.

டெட்ராய்ட் தேவா | இரவு 11.09

யாரும் கேட்கவில்லை சார்.

கேசட்கடை ராஜு | இரவு 11.11

போன வருடம் கிராஃப்ட்வெர்க் திரியில் நீங்கள் போட்ட பதினாலு பதிவையும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

டெட்ராய்ட் தேவா | இரவு 11.30

அந்தத் திரியை இழுத்தது நீங்கள், நான் இல்லை. இழுத்ததால் சொல்கிறேன். சாலைக்குப் பாட்டு கட்டினது கிராஃப்ட்வெர்க் என்கிற அந்த ஜெர்மன் குழு, டுசல்டார்ஃப்காரர்கள், 1974-லேயே. ‘ஆட்டோபான்’ என்றால் ஜெர்மனியின் நெடுஞ்சாலை, பாட்டு எல்பியின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஆர்பிட்டல் சாலைப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து. அதாவது பெயரில்கூட முன்னோடி இல்லை.

மும்பை மின்சாரம் | இரவு 11.52

எல்லோரும் மேற்கையே பார்க்கிறீர்கள். சரண்ஜித் சிங் என்று ஒரு பம்பாய் ஸ்டுடியோ வாத்தியக்காரர் இருந்தார். 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி போட்டார். ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரும் டிஆர்-808 என்ற டிரம் மெஷினும் அதில் உண்டு. சிகாகோவில் அதே 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசைத் தட்டு வெளியிட்டது 1987-ல். 2010-ல் இந்த எல்பியை மறுபடியும் வெளியிட்டபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. முன்னோடி என்றால் இவர்தான், திரியை மூடலாம்.

டெட்ராய்ட் தேவா | இரவு 11.58

யாரும் கேட்காத ஒன்றுக்கு யார் பின்னோடி? அந்த எல்பியைக் கேட்டுவிட்டு சிகாகோவில் ஒருவராவது 303 வாங்கினாரா? தனியாக ஒருவர் முன்னால் நடந்தால் அது முன்னோடி இல்லை, காலை நடை.

மும்பை மின்சாரம் | நள்ளிரவு 12.03

இதையே ஒரு ஜெர்மன்காரர் செய்திருந்தால் நீங்கள் கோயில் கட்டியிருப்பீர்கள்.

கேசட்கடை ராஜு | நள்ளிரவு 12.10

எல்பி விஷயம் எல்பி திரியில். இங்கே பேசுவது டெக்.

நீலா | காலை 6.40

இரவு முழுக்க அப்பாவின் டெக், அப்பாவின் டெக். அந்த வீட்டில் ஒரு அம்மாவும் இருந்தார், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஆர்பிட்டலின் ‘ஹால்சியான்’ கேட்டிருப்பீர்கள். மிதக்கிற மாதிரி ஒரு பெண் குரல், சொல்லே இல்லாமல். அழகான பாட்டு என்று எல்லோரும் தூங்கப் போகும்போது போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு தூக்க மாத்திரையின் பெயர். அவர்கள் அம்மா பல வருடம் அந்த மாத்திரைக்கு அடிமையாக இருந்தார், பாட்டு அவருக்குத்தான் சமர்ப்பணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டுப் பாருங்கள். அந்த இதம்தான் பயம் தருகிறது. பாட்டு எங்கேயும் அழுவதில்லை, எங்கேயும் முழிப்பதுமில்லை. என் வீட்டிலும் ஒருவர் மாத்திரை இல்லாமல் தூங்காமல் பல வருடம் இருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கிறது.

இவர்கள் 1989-ல் டெக்னோவைக் கண்டுபிடித்தார்களா இல்லையா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

வெம்பிளிவாசி | காலை 7.15

நீலா, இது எனக்குத் தெரியாது. இரண்டு தரம் நேரில் கேட்டிருக்கிறேன் இந்தப் பாட்டை. மேடையில் இதற்கு நடுவே பான் ஜோவி, பெலிண்டா கார்லைல் ஆட்களின் பிரபல பாட்டுகளையும் வெட்டி ஒட்டிப் போடுவார்கள், சனம் சிரிச்சுக்கொண்டு கூடவே பாடும். இனி எப்படிச் சிரிக்கிறது.

கேசட்கடை ராஜு | காலை 7.22

அம்மா விஷயம் மனதைத் தொட்டது. வணங்குகிறேன்.

ஆனாலும் அப்பாவுடையது டெக்தான்.

நீலா | காலை 7.24

நீங்கள் ஒரு அதிசயப் பிறவி சார்.

டெட்ராய்ட் தேவா | காலை 8.05

உணர்ச்சி வேறு, வரலாறு வேறு. இன்னொன்றும் கேட்கிறேன். மேடையில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? கண்ணாடியில் இரண்டு பக்கமும் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். இதற்கு டிக்கெட்.

அலைவரிசை | காலை 8.33

இதற்குப் பதில் சொல்லாமல் ஆபீஸ் போனால் வேலை ஓடாது.

அந்த டார்ச் வேஷம் இல்லை, இருட்டு மேடையில் பட்டன் தெரிவதற்காகப் போட்டது. 90-களில் அவர்கள் மேடையில் வைத்திருந்தது அலெசிஸ் எம்எம்டி-8 என்கிற சீக்வென்சர். எட்டுத் தடம், எட்டுப் பட்டன். ஒன்றில் தாளம், ஒன்றில் பேஸ், ஒன்றில் மணி மாதிரி அந்த மெட்டு. பட்டனைத் தொட்டால் தடம் பேசும், மறுபடியும் தொட்டால் வாயை மூடும். கூட்டம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துத் தாளத்தை நிறுத்தி, மெட்டை மட்டும் தொங்கவிட்டு, ஜனம் துடித்த பிறகு தாளத்தைத் திறந்துவிடுவார்கள். நேற்று வாசித்த நீளம் இன்று இருக்காது. நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. 1994 கிளாஸ்டன்பரி இசை விழாவில் இவர்கள் வாசித்த இரவை இன்னும் பேசுகிறார்கள் என்றால் இதனால்தான்.

தட்டை ஓடவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது உங்கள் ஆட்கள்.

டெட்ராய்ட் தேவா | காலை 8.40

‘உங்கள் ஆட்கள்’ என்றால் யார்? பெயர் சொல்லுங்கள். டெட்ராய்ட்டில் யாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை.

அலைவரிசை | காலை 8.42

சொன்னால் திரி நூறு பக்கம் போகும்.

மும்பை மின்சாரம் | காலை 9.30

மிருதங்கத்தோடு ஒப்பிட்டதை வன்மையாகக் கண்டிக்கிறேன். பட்டனும் தோலும் ஒன்றா?

சட்டப்பிரிவு63 | காலை 10.12

ரேவ், அதாவது வெம்பிளிவாசி சொன்ன அந்த வயல் பார்ட்டிகள், அதைப் பேசிவிட்டு யாரும் சட்டத்தைத் தொடவில்லை. 1990-ல் அனுமதியில்லாத பார்ட்டிக்கு அபராதம் 2,000 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டாக ஏறியது, கூட ஆறு மாதச் சிறை. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல்லாயிரம் பேர் ஒரு வாரம் தங்கி ஆடியதும் அரசுக்குக் கோபம் தலைக்கேறியது. 1994-ல் குற்றவியல் நீதிச் சட்டம் வந்தது. அதன் 63-ஆம் பிரிவில் இசைக்கே விளக்கம் கொடுத்தார்கள்: திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள் தொடர்ந்து ஒலிப்பதையே முழுமையாகவோ பெரும்பாலுமோ இயல்பாகக் கொண்ட ஒலிகள். உலகத்தில் எந்த நாடாளுமன்றம் தாளத்தைப் பற்றி இப்படி உட்கார்ந்து எழுதியது?

ஆட்டெக்கர் குழு அதற்குப் பதிலாக ஒரு தட்டு போட்டது. அதில் ஒரு பாட்டில் எந்த இரண்டு ஆவர்த்தனமும் ஒரே மாதிரி இருக்காது, சட்டத்தில் மாட்டவே மாட்டாது. ஆர்பிட்டல் இன்னும் எளிமையாக முடித்தார்கள். ‘ஆர் வி ஹியர்?’ தட்டில் அந்த மசோதாவின் பெயரிலேயே ஒரு வடிவம் வைத்தார்கள். ஏறக்குறைய நாலு நிமிடம், சத்தமே இல்லை.

டெட்ராய்ட் தேவா | காலை 10.30

அவர்களின் சிறந்த பாட்டு அதுதான்.

கேசட்கடை ராஜு | காலை 10.44

சத்தமே இல்லை என்பது தப்பு. சிடியில் கேட்டால் சரி. கேசட்டில் வாங்கியிருந்தால் நாலு நிமிடமும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் ஓடும். வெற்று நாடாவுக்கு அது மூச்சு. டால்பி போட்டால் குறையும், போகாது. ஆக கேசட் வாங்கியவருக்கு அது மௌனம் இல்லை, நாடாவின் பாட்டு.

நல்ல டெக்கில் இன்னும் குறைவாகக் கேட்கும். டேப் ரெக்கார்டரில் மோட்டார் சத்தமும் சேர்ந்து கேட்கும். இப்போதாவது வித்தியாசம் புரிகிறதா?

அலைவரிசை | காலை 10.50

எனக்குப் புரிந்தது நேற்று இரவு 9.31-க்கே. நீங்கள்தான் விடமாட்டேன் என்கிறீர்கள்.

கேசட்கடை ராஜு | காலை 10.52

புரிந்தது என்றால் ‘டெக்கும் அதில் அடக்கம்’ என்று எழுதியதைத் திருத்துங்கள்.

அலைவரிசை | காலை 10.53

மாட்டேன். அடக்கம்தான்.

நெறியாளர் | காலை 11.20

திரியின் தலைப்பு ஆர்பிட்டலின் மறுவருகை. மறுவருகை பற்றி இதுவரை ஒன்றரைப் பதிவுதான் வந்திருக்கிறது. ராஜு, தேவா இருவருக்கும் முதல் எச்சரிக்கை. வெம்பிளிவாசியைக் கேலி செய்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

வெம்பிளிவாசி | காலை 11.34

நீக்கினது எதை? நான் வாசிக்கவே இல்லையே. என்ன எழுதினவர்?

மறுவருகை பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். 2012 இல் லண்டன் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழா பார்த்தீர்களா? ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலோடு ஆர்பிட்டல் வாசித்தது. 89 இல் பொலிஸ் துரத்தின இசை, அரசாங்கம் காசு கொடுத்துக் கூப்பிட்டு அரங்கில் போட வைச்சிருக்கு. நான் வீட்டில் பிள்ளைகளோடு ரீவியில் பார்த்துக்கொண்டு இருந்தேன். இவங்கட ஆட்களுக்குத்தான் அப்பா சில்லறை மாத்திக் குடுத்தவர் என்றேன். மகள் நம்பவில்லை.

டெட்ராய்ட் தேவா | காலை 11.41

அரசாங்கம் கூப்பிட்டால் அதற்குப் பெயர் மறுவருகை இல்லை, ஓய்வூதியம்.

புதுசு23 | மதியம் 12.15

வணக்கம். நான் இந்தக் குழுவின் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

அலைவரிசை | மதியம் 12.19

1993-ல் வந்த பழுப்பு ஆல்பம். முதல் ஆல்பம் பச்சை, இரண்டாவது பழுப்பு, இரண்டுக்கும் பெயர் ‘ஆர்பிட்டல்’ என்றுதான். பழுப்பைப் போட்டதும் ஸ்டார் டிரெக் டிவி தொடரில் வரும் வோர்ஃப் என்ற பாத்திரத்தின் குரல் காலம் வளையமாவதைப் பற்றிப் பேசும். பச்சை ஆல்பமும் அதே குரலில்தான் தொடங்கும். தப்பான தட்டைப் போட்டுவிட்டோமோ என்று பதறாதீர்கள், அவர்கள் செய்த குறும்பு.

நீலா | மதியம் 12.25

1996-ல் வந்த ‘இன் சைட்ஸ்’. இருட்டிய பிறகு கேளுங்கள். ‘ஹால்சியானை’ இன்றைக்கு வேண்டாம்.

டெட்ராய்ட் தேவா | மதியம் 12.31

மூன்றையும் விடுங்கள். சைபோட்ரானில் தொடங்குங்கள்.

கேசட்கடை ராஜு | மதியம் 12.38

தம்பி, எதில் கேட்கப் போகிறாய்? போனிலா?

புதுசு23 | மதியம் 12.40

அப்பாவிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருக்கிறது அங்கிள். கேசட்டில் கிடைக்குமா?

கேசட்கடை ராஜு | மதியம் 12.41

ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறதா, தனியாகவா? பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போடு. அதுவரை டேப் ரெக்கார்டர் என்று சொல்லாதே.